லொறியை முந்த ஐந்து வருடம்

1

கடந்த செவ்வாய்க்கிழமை காலை என் மகன் கவின் என்னுடைய அறைக் கதவைத் தட்டினான். பதினேழு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் தாய்மாருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று விளங்கும். எங்கள் வீட்டில் கதவு தட்டுகிறவள் நான்தான். உள்ளேயிருந்து ஜேர்மன் மொழியில் "பிறகு" என்று சொல்கிறவன் அவன்.

"அம்மா, வெளிக்கிடுங்கோ. பத்தரைக்குக் கந்தோரில ரேர்மின் இருக்கு."

ரேர்மின் என்றால் முன்கூட்டியே எடுத்துவைக்கும் நேரம். இந்த நாட்டில் அது இல்லாமல் பல்லும் பிடுங்கமாட்டார்கள், தலைமயிரும் வெட்டமாட்டார்கள்.

"என்ன கந்தோர்? ஆருக்கு?"

"லைசென்ஸ் கந்தோர். உங்களுக்கு. இண்டையோட நீங்கள் லைசென்ஸ் எடுத்து அஞ்சு வருசம்."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவன் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஊரிலிருந்து வாசிக்கிற உங்களுக்காக விளக்கமாகச் சொல்கிறேன். ஜேர்மனியில் பதினேழு வயதிலேயே கார் ஓட்டலாம். ஆனால் பதினெட்டு ஆகும்வரை பக்கத்துக் கதிரையில் ஒரு துணை இருக்க வேண்டும். அந்தத் துணைக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். லைசென்ஸ் எடுத்து முழுதாக ஐந்து வருடம் கழிந்திருக்க வேண்டும். வீதியில் பிழை விட்டவர்களுக்குப் போடும் குற்றப்புள்ளி ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. துணையின் பெயர் பிள்ளையின் பத்திரத்தில் பதிந்திருக்க வேண்டும். கவினின் பத்திரத்தில் ஒரேயொரு பெயர்தான் இருந்தது. அது எங்கள் குடும்ப நண்பர், அண்ணன் போன்ற நசீர் நானாவின் பெயர். மன்னார்த் தாராபுரத்தைச் சேர்ந்தவர், லொறிச் சாரதி, கிழமையில் ஆறு நாளும் வீதியில் இருப்பவர். அதனால் கவின் லைசென்ஸ் எடுத்து மூன்று மாதத்தில் இரண்டே இரண்டு தடவைதான் கார் ஓட்டியிருந்தான்.

கந்தோரில் இருந்த பெண் அதிகாரி என்னுடைய லைசென்ஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணினியில் என் பெயரைத் தட்டினார். எங்கள் பெயர்களைத் தட்டி முடிக்க இங்கே எவருக்கும் சற்று நேரம் எடுக்கும்.

"இன்றைக்குத்தான் ஐந்து வருடம் நிறைகிறது. நேற்று வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். பிறகு திரையைப் பார்த்து, "குற்றப்புள்ளி பூச்சியம்" என்று சொன்னார். அதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பார். எனக்கு மட்டும் யாரோ கழுத்தில் மாலை போட்டது போல இருந்தது.

"இந்த நேரம் எப்போது பதியப்பட்டது?" என்று அவரிடம் கேட்டேன்.

"உங்கள் மகன் இரண்டு மாதத்துக்கு முன்னரே பதிந்துவிட்டார்."

கவின் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையெழுத்துப் போட்டேன். ஊரில், உயிலங்குளத்தில், சைக்கிளில்கூடப் பெருவீதிக்கு ஏறப் பயந்து திரிந்த ஒருத்தி, ஜேர்மன் அரசாங்கத்தின் பத்திரத்தில் தன் பிள்ளைக்கு வழித்துணையாகப் பதியப்பட்டாள். அது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

2

நாங்கள் இருப்பது ஹம் என்னும் நகரத்தில். கணவர் சிவநேசன் எனக்கு முன்னரே வந்துவிட்டார். நானும் கவினும் வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஐந்து வயது. கணவர் மன்னாரில் வான் வண்டி ஓட்டியவர். ஊர் லைசென்ஸ் இங்கே ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். அவருக்குத் தெரியவந்தபோது ஏழாவது மாதம்.

"பதினைஞ்சு வருசம் ஓடின எனக்கு ஓடத் தெரியுமோ எண்டு இவங்கள் சோதிக்கிறதோ" என்றவர், அன்றைக்கு எடுத்த சைக்கிளை இன்றுவரை விடவில்லை. ஒரு சுப்பர்மார்க்கெட்டின் களஞ்சியத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்கு மழையிலும் பனியிலும் அதிலேதான் போய்வருகிறார்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். ஒரு நாள் அந்த இல்லத்தை மூடப்போவதாகச் சொன்னார்கள். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அதற்கு ஆள் தேவை. நான் ஏற்கெனவே பராமரிப்புப் பயிற்சி முடித்திருந்ததால் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"வேலை உங்களுக்குத்தான். நிரந்தர வேலை. ஆனால் ஆறு மாதத்துக்குள் லைசென்ஸ் வேண்டும்."

எங்களுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பம் அந்த நேரம் வெளிநாட்டவர் கந்தோரில் கிடந்தது. இருவருக்கும் ஒழுங்கான வேலை இருந்தால் விண்ணப்பம் ஏற்கப்படும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. அதனால் நாற்பத்திரண்டு வயதில் நான் சாரதிப் பாடசாலைக்குப் போனேன். பக்கத்துக் கதிரைகளில் இருந்த பிள்ளைகளுக்கு என்னுடைய வயதில் பாதிகூட இல்லை.

எழுத்துப் பரீட்சையைப் பன்னிரண்டு பிற மொழிகளில் எழுதலாம். தமிழ் அதில் இல்லை. ஜேர்மனில் எழுதி முதல் தடவை தோற்று, இரண்டாவது தடவை சித்தியடைந்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டது நெடுஞ்சாலையில்தான்.

பயிற்சியாளர் ஹெர் ஷுல்ட்ஸ், ஹெர் என்றால் திரு, அமைதியான மனிதர், எந்நேரமும் வாயில் ஒரு மென்தோல் இனிப்பு இருக்கும். முதல் நாள் நெடுஞ்சாலையில் எனக்கு முன்னால் ஒரு லொறி எண்பதில் போனது. அவர் "யூபர்ஹோலன்" என்றார். முந்துங்கள் என்று அர்த்தம். ஜேர்மனில் "வீடர்ஹோலன்" என்று இன்னொரு சொல் இருக்கிறது. திரும்பச் சொல்லுங்கள் என்று அர்த்தம். மொழி வகுப்பில் மூன்று வருடம் அந்தச் சொல்லைத்தான் கேட்டிருந்தேன்.

அதனால் நானும் பணிவாக "யூபர்ஹோலன்" என்று திரும்பச் சொன்னேன்.

"இல்லை. யூபர்ஹோலன்."

உச்சரிப்புப் பிழை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் தெளிவாக, இன்னும் உரத்துச் சொன்னேன். லொறிக்குப் பின்னால் எண்பதில் போய்க்கொண்டே நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அந்தச் சொல்லை நாலைந்து தடவை சொல்லிக்கொண்டோம். கடைசியில் அவர் இனிப்பை விழுங்கிவிட்டுக் கையால் இடப்பக்கம் காட்டினார். அப்போதுதான் விளங்கியது. விளங்கிய பிறகும் என் கால் வேகப் பெடலை அமத்தவில்லை.

ஓட்டப் பரீட்சையன்று நடந்தது அதைவிட மோசம். நகரத்துக்குள் எல்லாம் ஒழுங்காக ஓடினேன். நெடுஞ்சாலைக்கு ஏறியதும் முன்னால் ஒரு நீளமான லொறி. பின்னாலிருந்த பரீட்சகர் முந்தச் சொன்னார். சமிக்ஞை போட்டு, கண்ணாடி பார்த்து, இடப்பக்கம் எடுத்தேன். லொறியின் நடுப்பகுதிக்கு வந்தபோது அதன் சில்லு வலப்பக்க யன்னல் உயரத்துக்குச் சுழன்றது. என் வலது கால் தானாகவே வேகப் பெடலிலிருந்து எழும்பிவிட்டது. பக்கத்தில் லொறி, பின்னால் விளக்கடித்துக்கொண்டு ஒரு கார், நடுவில் வேகம் குறைந்து குறைந்து போகும் நான். ஹெர் ஷுல்ட்ஸ் தன்னுடைய பக்கத்துப் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பிடித்துக் காரை மறுபடி லொறிக்குப் பின்னால் கொண்டுவந்தார். அவர் பெடலைத் தொட்டால் பரீட்சை அங்கேயே முடிந்தது.

இறங்கியதும் அவர் ஒன்றுதான் கேட்டார். "லொறியோடு உங்களுக்கு என்ன நடந்தது?"

சொல்ல எனக்கு ஜேர்மன் போதவில்லை.

3

நடந்தது இதுதான். போர் முடிந்து, மன்னார் - மதவாச்சி வீதிக்குப் புதிதாகக் காப்பெற், அதாவது வழுவழுப்பான தார், போட்ட காலம். அதற்கு முதல் அந்த வீதியில் எந்த வாகனமும் விரைந்து ஓட முடியாது, பள்ளங்களே வேக எல்லையாக இருந்தன. காப்பெற் விழுந்ததும் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்தது. முப்பதில் வந்த லொறி எண்பதில் வந்தது. மாடுகளுக்கும் எங்களுக்கும் அந்த மாற்றம் பிடிபட நாள் எடுத்தது.

கவினுக்கு அப்போது இரண்டு வயது. சைக்கிளின் முன் பாரில் பூட்டிய சின்ன இருக்கையில் அவனை வைத்துக்கொண்டு முருங்கனுக்குக் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலை நேரம். எதிரே ஒரு பஸ் வந்தது. பஸ்ஸுக்குப் பின்னாலிருந்த லொறி, பஸ்ஸை முந்த வெளியே எடுத்தது. என்னுடைய பக்கத்தில், எனக்கு நேரே வந்தது.

அந்தச் சாரதியின் முகத்தைக்கூடக் கண்டேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளை விட்டுவிட்டுப் பிள்ளையை இழுத்து எடுத்துக்கொண்டு வீதியோரத்து வாய்க்காலுக்குள் பாய்ந்தேன். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட நேரம், இடுப்பளவு ஓடியது. பிள்ளையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன்.

லொறி நிற்கவில்லை. பஸ் நின்றது. கண்டக்டர் ஓடிவந்து கையை நீட்டினார்.

"பிள்ளை தப்பினதோ?"

"ஓம்."

"நீங்கள்?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. சைக்கிளின் முன்சில்லு எட்டுப் போல வளைந்து கிடந்தது. பிள்ளையின் முழங்காலில் ஒரு சிராய்ப்பு மட்டும். அதன் பிறகு நான் பெருவீதிக்குச் சைக்கிளில் ஏறவில்லை. வயல் வரம்புகளால் சுற்றிச் சுற்றிப் போனேன். வெள்ளாங்குளத்திலிருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதும், பஸ் எதையாவது முந்த எடுத்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

முந்துவது என்றால் அடுத்தவர் உயிரோடு விளையாடுவது என்று என் உடம்பு படித்துவைத்திருந்தது. ஹெர் ஷுல்ட்ஸ் நாற்பது மணித்தியாலம் சொல்லித் தந்தும் அதை அழிக்க முடியவில்லை.

4

தோற்ற அன்று பின்னேரம் கணவரிடம் வாய்க்கால் கதையை முழுதாகச் சொன்னேன். அது நடந்தபோது அவர் இங்கே வர ஆயத்தமாகக் கொழும்பில் நின்றவர். சைக்கிளால் விழுந்ததாக மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்:

"இஞ்சாரும், எங்கட களஞ்சியத்துக்கு ஒவ்வொரு வெள்ளியும் ஒரு லொறி வரும். சாரதி தாராபுரத்து ஆள், நசீர். நல்ல மனிசன். நீர் ஒருக்கா வந்து அந்த லொறிக்குள்ள ஏறிப் பாரும்."

"லொறி ஓடவோ?"

"ஓட இல்லை. பாக்க."

வெள்ளிக்கிழமை போனேன். நசீர் நானாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இளைஞனாகத் தாராபுரத்தை விட்டுப் புத்தளத்துக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், கடைசியில் நாற்பது தொன் லொறியோடு ஜேர்மனியில் நிற்கிறவர். "உயிலங்குளமா?" என்று கேட்டவர், "எங்கட வாப்பா அங்கதான் நெல்லு வாங்க வருவார்" என்றார். பிறகு கதவைத் திறந்தார்.

"ஏறுங்க தங்கச்சி. என்ட சீற்றில இருங்க."

மூன்று படி ஏற வேண்டும். மேலே இருந்து பார்த்தால் உலகம் வேறு மாதிரி. நசீர் நானா கீழே நின்று என் கணவரைக் கூப்பிட்டார்.

"சிவா, நீங்க லொறிப் பக்கத்தால மெல்லமா பின்னுக்கிருந்து நடந்து வாங்க. தங்கச்சி, கண்ணாடியில அவரப் பாத்துக்கொண்டு இருங்க."

கண்ணாடியில் கணவர் வந்தார். நீலச் சட்டை, தலையில் தொப்பி. நடந்து வந்துகொண்டே இருந்தவர், கதவுக்குக் கிட்ட வந்தபோது கண்ணாடியை விட்டு மறைந்துபோனார். நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க போனார்?" என்றார் நசீர் நானா.

"காணேல்ல."

"அதுதான். நீங்க என்ட பக்கத்தில வேகத்தைக் குறைச்சுக்கொண்டு நிண்டா, எனக்கு நீங்க இல்லாத ஆள். நான் வெட்டினா உங்கள நசிச்சுப்போடுவன், ஆனா உங்களத் தெரியாது எனக்கு. பயத்தில மெதுவாப் போனா பாதுகாப்பு எண்டுதானே நினைக்கிறீங்க? பக்கத்தில நிக்கிறதுதான் ஆபத்து. வாறதெண்டா வாங்க. இல்லாட்டி பின்னுக்கே நில்லுங்க. நடுவில நிக்காதீங்க."

பிறகு படியில் உட்கார்ந்துகொண்டு ஒன்றொன்றாகச் சொன்னார். லொறியின் வாலோடு ஒட்டிக்கொண்டு வராதே, தூரத்திலிருந்தே வேகம் எடு. வெளியே எடுக்க முதல் பின்கண்ணாடியை இரண்டு தரம் பார், முதல் தரம் ஆள் இருக்கிறாரா என்று, இரண்டாம் தரம் அவர் எவ்வளவு கிட்ட வந்துவிட்டார் என்று. காற்று வீசும் நாளில் லொறியின் முகத்தைத் தாண்டும்போது கார் ஒருக்கால் உதறும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடி. நடுக்கண்ணாடியில் லொறியின் இரண்டு விளக்குகளும் சேர்ந்து தெரியும்வரை உள்ளே வராதே.

"உள்ள வந்த பிறகு பிரேக் புடிக்காதீங்க. அதுதான் எங்களுக்குப் பெரிய பயம். இந்தச் சாமான் நிக்கிறதுக்கு எவ்வளவு இடம் வேணும் எண்டு கார்க்காரருக்குத் தெரியாது."

"உங்களுக்கும் பயமோ?" என்று கேட்டேன்.

"இல்லாமலா? ஒவ்வொரு நாளும் நூறு பேர் என்ன முந்திப் போறாங்க. நூறு பேரும் வீட்ட போய்ச் சேரோணும் எண்டுதான் பாத்துக்கொண்டு போறன்."

வாய்க்கால் நாளிலிருந்து எனக்கு லொறி என்றால் பெரிய முன்சில்லும் பார்க்காத ஒரு முகமும்தான். அன்றைக்கு அந்தக் கதிரையில் இருந்து, கண்ணாடியில் தெரியாத ஆட்களுக்காகக் கவலைப்படும் ஒரு மனிதனைப் பார்த்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு இரண்டாவது பரீட்சை. அதே பரீட்சகர். நெடுஞ்சாலையில் அவர் வாய் திறக்க முதலே நான் சமிக்ஞை போட்டேன். லொறியின் நடுப்பகுதி வந்தபோது கால் எழும்பப் பார்த்தது. "நடுவில நிக்காதீங்க" என்று தமிழில் உரத்துச் சொல்லிக்கொண்டு பெடலை அமத்தினேன். இரண்டு விளக்கும் கண்ணாடிக்குள் வந்தன. உள்ளே எடுத்தேன்.

"என்ன சொன்னீர்கள்?" என்று பரீட்சகர் கேட்டார்.

"எங்கள் மொழியில் ஒரு வீதி விதி" என்றேன்.

சித்தியடைந்தேன். வேலையும் கிடைத்தது. அடுத்த வருடம் நிரந்தர வதிவிடமும் வந்தது.

5

லைசென்ஸ் கையில் இருந்தாலும் முதல் சில மாதங்கள் நான் ஞாயிறு சாரதிதான். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் லொறிகள் ஓடத் தடை. அன்றைக்கு மட்டும் நெடுஞ்சாலைக்கு ஏறுவேன். மற்ற நாட்களில் ஊர்ப் பாதைகளால் சுற்றி வேலைக்குப் போவேன். ஹம்மிலும் வரம்பால் சுற்றுகிறேனே என்று எனக்கே சிரிப்பு வரும்.

ஒரு புதன்கிழமை ஊர்ப் பாதையைத் திருத்த வேலைக்காக மூடிவிட்டார்கள். முப்பது கிலோமீற்றர் தள்ளி ஒரு நோயாளிக்கு எட்டு மணிக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும். நெடுஞ்சாலையைத் தவிர வேறு வழியில்லை. மழை. லொறிகளின் சில்லுகள் கிளப்பிய நீர்த்தூவலில் முன்னால் போவது லொறியா சுவரா என்று தெரியவில்லை. எண்பதில் பின்னால் போனால் பிந்துவேன் என்று மணிக்கூடு சொன்னது. பின்கண்ணாடியை இரண்டு தரம் பார்த்தேன். எடுத்தேன். ஒரு கணம் கண்ணாடி முழுதும் வெள்ளை. பிறகு தெளிந்த வீதி. அன்று காலை நான் தனியாக ஏழு லொறிகளை முந்தினேன். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணியை அடித்தேன். அந்த அம்மா கதவைத் திறந்து, "இன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டீர்கள்" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. எனக்கு அது போதும்.

அதன் பிறகு நெடுஞ்சாலை என் வேலைத்தலத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஜேர்மன்காரர் ஓயாமல் சண்டை பிடிக்கும் அந்த விசயமும் எனக்கு விளங்கத் தொடங்கியது. இங்கே நெடுஞ்சாலைகளின் பெரும்பகுதியில் கார்களுக்கு வேக எல்லை கிடையாது. நூற்றிமுப்பது என்பது ஆலோசனை மட்டும். விரும்பினால் இருநூற்றிலும் போகலாம். ஒவ்வொரு தேர்தலிலும் எல்லை வைப்பதா வேண்டாமா என்று நாடே இரண்டாகப் பிரியும்.

என் நோயாளி ஹெர் வேபர் வீட்டிலும் அதே நிலைதான். அவர் கார்த் தொழிற்சாலையில் பொறியியலாளராக இருந்தவர். மனைவி விபத்துப் பிரிவில் தாதியாக இருந்தவர். நான் அவருக்குக் காலுறை மாட்டும் நேரத்தில் தொலைக்காட்சியில் இந்தப் பேச்சு வந்துவிட்டால் முடிந்தது.

"நல்ல கார், நல்ல வீதி, நல்ல சாரதி. எல்லை எதற்கு?" என்பார் அவர்.

"நீ கார்களைச் செய்தாய். அவற்றிலிருந்து வந்தவர்களை நான் பார்த்தேன்" என்பார் அந்த அம்மா.

ஒரு நாள் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "உங்கள் ஊரில் என்ன எல்லை?"

"காருக்கு எழுபது. மாட்டுக்கு எல்லை இல்லை" என்றேன்.

ஹெர் வேபர் காலுறை பாதியில் இருக்க விழுந்து விழுந்து சிரித்தார். ஜேர்மன் மொழியில் ஒருவரை நான் சிரிக்கவைத்த முதல் நாள் அது.

6

ஆனால் அந்தச் சண்டை எங்கள் குசினிக்குள் வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன், லைசென்ஸ் எடுத்த புதிதில், கவின் சாப்பாட்டு மேசையில் சொன்னான்:

"எல்லை வைச்சா பிறகென்ன ஜேர்மனி? பதினெட்டு வந்த அண்டைக்கு இருநூறில போய்க் காட்டுறன்."

"இளம் பிள்ளை, போகட்டுமன்" என்றார் தகப்பன். "நான் மன்னார்ப் பாலத்தில ஓடாத ஓட்டமோ."

நான் ஏசினால் அவன் எழும்பி அறைக்குள் போய்விடுவான். போனால் இரண்டு நாள் வரமாட்டான். அதனால் கடுதாசியும் பேனையும் எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அவன் கணக்கில் கெட்டிக்காரன்.

"ஒரு லொறி எண்பதில போகுது, நீளம் பதினெட்டு மீற்றர். நான் நூற்றிப்பத்தில முந்துறன். அம்பது மீற்றர் பின்னால தொடங்கி அம்பது மீற்றர் முன்னால முடிக்கிறன். எத்தினை செக்கன் எடுக்கும்?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டான். "பதினாலு."

"நான் வெளியில எடுக்கேக்க, முந்நூறு மீற்றர் பின்னால நீ இருநூறில வாறாய். எத்தினை செக்கனில என்ர முதுகில நிப்பாய்?"

பேனை ஓடியது. நின்றது. "பன்னிரண்டு."

பிறகு அவன் கேட்டான்: "அப்ப ஆரில பிழை?"

"ஆரில பிழையெண்டாலும் ரெண்டு செக்கன் குறையுது, கவின்."

அதன் பிறகுதான் அவனுக்கு வாய்க்கால் கதையைச் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. முழங்காலில் இருக்கும் சின்ன வெள்ளைத் தழும்பு பந்தடித்து வந்தது என்று நினைத்திருந்தான். என்னுடைய தமிழில் சில சொற்கள் அவனுக்கு விளங்கவில்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்டான். ஒரு கதையை முழுதாக இருந்து அவன் என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். முடிந்ததும் எழும்பி அறைக்குள் போனான். நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கிழமையேதான் அவன் கந்தோரில் நேரம் பதிந்திருக்கிறான் என்று கடந்த செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரியவந்தது.

கந்தோரிலிருந்து வந்து, நான் பின்னேர வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இருவரும் நெடுஞ்சாலையால் பீலஃபெல்ட் நகரத்துப் பக்கம் போனோம். கவின் ஓட்டினான். நான் பக்கத்துக் கதிரையில். வேக எல்லை முடிந்தது என்று காட்டும் வெள்ளை வட்டப் பலகை வந்தது. அதில் கறுப்புக் கோடுகள் சரிவாகக் கிழித்திருக்கும். இளம் பிள்ளைகளுக்கு அந்தப் பலகை திருவிழாக் கொடி மாதிரி. நான் என் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் நூற்றிருபதில் போனான். முன்னால் ஒரு லொறி. அவன் கண்ணாடியைப் பார்த்தான், மீண்டும் பார்த்தான். பின்னால் வெகுதூரத்தில் ஒரு புள்ளி. முந்த இடம் இருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். கவின் வேகத்தைக் குறைத்து லொறிக்குப் பின்னாலேயே நின்றான். புள்ளி கறுப்புக் காராகி, எங்கள் பக்கத்தால் காற்றை அடித்துக்கொண்டு பறந்து போனது.

"அது இருநூறுக்கு மேல" என்றான் கவின். பிறகு சமிக்ஞை போட்டு, வெளியே எடுத்து, நடுவில் நிற்காமல் முந்தி, இரண்டு விளக்கும் தெரிந்த பிறகு உள்ளே வந்தான். பிரேக்கைத் தொடவில்லை. நான் ஒரு வார்த்தையும் பேசத் தேவை இருக்கவில்லை. ஐந்து வருடத்தில் நான் வாங்கிய எந்தப் பத்திரத்தையும்விட அந்தப் பதினாலு செக்கன் எனக்குப் பெரிது.

திரும்பி வரும் முன் ஒரு தரிப்பிடத்தில் தேத்தண்ணி குடித்தோம். காருக்கு வந்ததும் அவன் திறப்பை என்னிடம் நீட்டினான். பத்து வருடமாக என்னுடைய ஜேர்மனைத் திருத்துகிறவன், பெற்றோர் கூட்டங்களில் எனக்கு முன்னே நின்று பேசுகிறவன்.

"நீங்கள் ஓடுங்கோ அம்மா. நான் பாக்கோணும்."

ஓடினேன். ஓர் ஏற்றத்தில் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக றெயில் பெட்டிகள் போல ஊர்ந்துகொண்டிருந்தன. பின்னால் வீதி வெறுமையாக இருந்தது. வெளியே எடுத்தேன். நூற்றிமுப்பதில், ஸ்டியரிங் அசையாமல், ஒவ்வொன்றாகத் தாண்டினேன். ஏற்றத்தின் உச்சியில் உள்ளே வந்தபோது வெயில் அடித்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முதலே கணவர் கேட்டார்: "தம்பி எப்பிடி ஓடினவன்?"

பதிலைக் கவின் சொன்னான், தமிழில்: "அப்பா, அம்மா ஒரே தரத்தில ஒன்பது லொறியை முந்தினவ."

கணவர் என்னைப் பார்த்தார். "உண்மையோ?"

"பத்து" என்றேன். "ஒண்டைத் தாண்டேக்க அவன் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தவன்."